துணி துவைத்த நீரும் நம் பொறுப்பும்

வாரத்தின் அழுக்குத் துணிகள் அனைத்தும் துவைக்கப்பட்டுக் கொல்லையிலோ மொட்டை மாடியிலோ கொடியில் காய்ந்துகொண்டிருக்கின்றன. தாய்மார்கள் சற்றே இளைப்பாறுகிறார்கள். துவைத்த துணிகள் எங்கே என்று கேட்டால் எல்லோரும் கொடியைக் காட்டுவோம். துவைத்த நீர் எங்கே என்று கேட்டால், "சாக்கடைக்குப் போயிருக்கும்" என்பதற்கு மேல் நம்மில் பலருக்கும் பதில் இராது. அந்த நீரோடு நம்முடைய துணியின் ஒரு சிறு பகுதியும் சேர்ந்தே போய்விட்டது என்பதை நாம் அறிவதில்லை.

ஆம்! ஒவ்வொரு சலவையின் போதும் துணிகளிலிருந்து ஆயிரக்கணக்கான, சில வேளைகளில் இலட்சக்கணக்கான இழைத் துண்டுகள் உதிர்ந்து நீரில் கலக்கின்றன. கண்ணுக்கு எளிதில் புலப்படாத இவற்றை 'நுண்ணிழைகள்' என்று அழைக்கிறார்கள். நீரில் கலந்துவிட்ட இவற்றை எவ்வாறு அகற்றுவது என்பது பல நாட்டு ஆய்வாளர்களின் கவலையாக ஆகியிருக்கிறது. இக்கவலையில் பொறியாளர்களுக்கு மட்டுமல்ல, துணி துவைக்கும் ஒவ்வொரு குடும்பத்திற்கும் பங்கு உண்டு என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நுண்ணிழை என்பது என்ன?

நாம் உடுத்தும் துணி நூலால் ஆனது. நூலோ பல மெல்லிய இழைகளைச் சேர்த்து முறுக்கியது. துணியைக் கல்லில் அடிக்கும்போதும், தூரிகையால் தேய்க்கும்போதும், சலவை இயந்திரத்தில் சுழற்றும்போதும் ஒன்றோடொன்று உரசி, இழைகளின் முனைகள் முறிந்து உதிர்கின்றன. இவற்றுள் பெரும்பாலானவற்றின் தடிமன் 10 முதல் 20 மைக்ரான் அளவே இருக்கும். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறுகளாக்கினால் வரும் ஒரு கூறே ஒரு மைக்ரான் என்றால், நம் தலைமுடியைவிட இவை எவ்வளவு மெல்லியவை என்பதை எண்ணிப் பாருங்கள்.

பாலியெஸ்டர், நைலான், அக்ரிலிக் முதலிய செயற்கை இழைகள் பெட்ரோலியப் பொருள்களிலிருந்து உண்டாக்கப்படுபவை. தெளிவாகச் சொன்னால், அவை நூலாக இழுக்கப்பட்ட பிளாஸ்டிக்கே. கசங்காத சட்டைத் துணி, விலை குறைந்த சேலை, இன்று கடைகளில் கிடைக்கும் புர்காக்களில் பல, மென்மையான தொழுகை விரிப்புகள், குளிர்காலப் போர்வைகள் என்று நம் வீட்டு அலமாரியில் பாதிக்கும் மேல் இவையே நிறைந்திருக்கக் கூடும். இவற்றிலிருந்து உதிரும் இழை மண்ணிலும் நீரிலும் எளிதில் மக்குவதில்லை. மேலும் மேலும் சிறிதாக உடைந்துகொண்டே நெடுங்காலம் நிலைத்திருக்கும்.

அப்படியானால் பருத்தி உடுத்துவோர் இப்பழியிலிருந்து முற்றிலும் நீங்கிவிட்டார்களா? அவ்வாறும் சொல்வதற்கில்லை. உலகின் ஆறு கடற்பரப்புகளிலிருந்து எடுக்கப்பட்ட 916 நீர் மாதிரிகளை ஆராய்ந்து 2020-ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட ஓர் ஆய்வில், கிடைத்த இழைகளில் சுமார் 8 விழுக்காடே செயற்கை இழைகள் என்றும், எஞ்சியவற்றுள் பெரும்பகுதி பருத்தி போன்ற தாவர வகை இழைகள் என்றும் தெரியவந்தது. பருத்தி இயற்கையில் மக்கக்கூடியதே. ஆயினும் சாயமும் இரசாயனப் பூச்சும் ஏறிய பருத்தி இழை, தூய பருத்தியைப் போல விரைவில் மக்குவதில்லை. ஆகவே, துணி எதுவாயினும் உதிரும் இழையைத் தடுக்க வேண்டும் என்பதே சரியான முடிவு.

கடற்கரை சொன்ன செய்தி

இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகப் பேராசிரியர் ரிச்சர்ட் தாம்சனும் அவருடைய குழுவினரும் 2004-ஆம் ஆண்டு, கடல் மணலிலும் கடல்நீரிலும் கண்ணுக்குப் புலப்படாத பிளாஸ்டிக் துணுக்குகள் மலிந்திருப்பதை உலகிற்கு எடுத்துக்காட்டினர். பின்னர் 2011-இல் மார்க் பிரவுன் என்னும் ஆய்வாளர் தம் குழுவினருடன் சேர்ந்து உலகின் 18 கடற்கரைகளின் மணலை ஆராய்ந்தார். அங்கே கிடைத்த இழைகள் பெரும்பாலும் பாலியெஸ்டரும் அக்ரிலிக்கும் ஆகவே இருந்தன. கழிவுநீர் நிலையத்திலிருந்து வெளியேறும் நீரிலும் அதே வகை இழைகள் காணப்பட்டன. ஒரே ஓர் ஆடையை ஒரு முறை துவைத்தால் 1900-க்கும் மேற்பட்ட இழைகள் உதிரக்கூடும் என்பதையும் அவர்கள் கண்டறிந்தார்கள். கடற்கரை மணலில் கிடந்த இழைக்கும் வீட்டுச் சலவைக்கும் உள்ள தொடர்பு இவ்வாறு வெளிச்சத்திற்கு வந்தது.

2016-இல் பிளிமத் பல்கலைக்கழகத்தின் இமோஜன் நேப்பரும் பேராசிரியர் தாம்சனும் வேறொரு கணக்கை வெளியிட்டார்கள். ஆறு கிலோ அக்ரிலிக் துணிகளை ஒரு முறை சலவை இயந்திரத்தில் துவைத்தால் ஏழு இலட்சத்திற்கும் அதிகமான இழைகள் வெளியேறக்கூடும் என்றும், பாலியெஸ்டரும் பருத்தியும் கலந்த துணியில் இது ஒன்றரை இலட்சத்திற்கும் குறைவு என்றும் அவர்கள் மதிப்பிட்டார்கள்.

இவற்றால் மனிதனுக்கு என்ன தீங்கு என்று நீங்கள் வினவலாம். இங்கே மிகைப்படுத்திப் பேசுவது நேர்மையாகாது. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட அறிக்கையில், குடிநீரில் இப்போதுள்ள அளவினால் உடல்நலத்திற்கு ஆபத்து என்று சொல்லப் போதிய சான்று இல்லை என்றும், ஆனால் இன்னும் விரிவான ஆய்வுகள் தேவை என்றும் கூறியது. 2022-இல் நெதர்லாந்தில் 22 பேரின் இரத்தத்தைச் சோதித்தபோது 17 பேரிடம் பிளாஸ்டிக் நுண்துகள்கள் காணப்பட்டன. அதே ஆண்டு இங்கிலாந்தில், உயிரோடிருப்பவர்களின் நுரையீரலிலிருந்து எடுக்கப்பட்ட 13 திசு மாதிரிகளில் 11-இல் அத்துகள்கள் இருந்தன. அவை நோயை உண்டாக்கின என்று இவ்வாய்வுகள் நிறுவவில்லை. ஆயினும் நாம் சாக்கடையில் விட்ட பொருள் நம் உடலுக்கே திரும்பி வரக்கூடும் என்பதை நினைக்கும்போது, தீங்கு உறுதியாகும்வரை காத்திருப்பது அறிவுடைமையாகுமா?

சுத்திகரிப்பு நிலையம் செய்வதும் செய்யாததும்

நகரத்துக் கழிவுநீர் நிலையத்திற்கு வரும் நீர் முதலில் கம்பிச் சல்லடைகளைக் கடக்கிறது. அங்கே துணிக் கந்தல், பிளாஸ்டிக் பை போன்ற பெரிய பொருள்கள் தங்கிவிடும். அடுத்து மணலும் கனமான கசடும் தொட்டியின் அடியில் படிகின்றன. அதன்பின் காற்றூட்டப்படும் தொட்டியில் நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்று பெருகித் திரள்கின்றன. அத்திரளில் ஒட்டிக்கொண்ட இழைகளும் அதனோடு சேர்ந்து அடியில் படிகின்றன. நுண்ணிழைக்கென்று இந்நிலையங்கள் அமைக்கப்படவில்லையாயினும், தற்செயலாக அதில் பெரும்பகுதியை அவை பிடித்துவிடுகின்றன.

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகருக்கருகே கிளைடு ஆற்றில் நீரை விடும் ஒரு நிலையத்தை ஆராய்ந்தவர்கள் 2016-இல் தங்கள் முடிவை வெளியிட்டனர். ஆறரை இலட்சம் மக்களின் கழிவுநீரைத் தூய்மைப்படுத்தும் அந்நிலையம், இழைகள் உள்ளிட்ட பிளாஸ்டிக் நுண்துகள்களில் 98 விழுக்காட்டிற்கும் மேல் அகற்றிவிட்டது. கேட்பதற்கு மகிழ்ச்சியான செய்திதான். ஆனால் எஞ்சிய இரண்டு விழுக்காட்டிற்கும் குறைவான பங்கே நாளொன்றுக்கு ஆறரைக் கோடி துகள்களாக ஆற்றில் சென்று கலந்துகொண்டிருந்தது! நீரின் அளவு பெரிது. ஆகவே தப்பியது சிறிய பங்காயினும் அதன் எண்ணிக்கை பெரிதாகிவிட்டது.

அவ்வாறு தப்பியவற்றையும் பிடிப்பதற்குக் கூடுதல் முறைகள் உள்ளன. ஃபின்லாந்து நாட்டின் நிலையங்களில் இவற்றை ஆராய்ந்து 2017-இல் வெளியிட்டார்கள். நுண்துளைச் சவ்வின் வழியே நீரை இழுக்கும் முறை 99.9 விழுக்காடு துகள்களை அகற்றியது. மணல் வடிகட்டி 97 விழுக்காட்டையும், நுண்குமிழிகளால் துகள்களை மேலே மிதக்கச் செய்து வழித்தெடுக்கும் முறை 95 விழுக்காட்டையும் அகற்றின. சுழலும் வட்டுச் சல்லடையின் திறன் மட்டும் 40 முதல் 98 விழுக்காடு வரை ஏறி இறங்கியது. இழையைப் பிடிப்பதில் உள்ள தனிச் சிரமம் அதன் வடிவமே. நீளவாக்கில் பார்த்தால் பெரிதாக இருக்கும் இழை, ஊசிக்காதில் நூல் நுழைவதுபோல் முனை வழியாகச் சல்லடைத் துளையில் நுழைந்துவிடுகிறது.

இங்கே மறக்கக் கூடாத உண்மை ஒன்று உண்டு. அகற்றப்பட்ட இழை அழிந்துவிடவில்லை. அது தொட்டியின் கசட்டில் இருக்கிறது. பல நாடுகளில் அக்கசட்டை உலர்த்தி வயலுக்கு எருவாக இடுகிறார்கள். நீரிலிருந்து எடுத்த இழை நிலத்திற்குப் போய்ச் சேருகிறது. மழையும் காற்றும் அதை மீண்டும் எங்கோ கொண்டு செல்கின்றன. ஓரிடத்தின் குப்பையை மற்றோரிடத்தில் கொட்டுவது போன்றதே இது.

நம் நாட்டு நிலையையும் சொல்ல வேண்டும். திருப்பூரில் சாயக் கழிவு நொய்யல் ஆற்றைப் பாழாக்கிய வழக்கில், கழிவுநீரை வெளியே விடாத முறையை நிறைவேற்றும்வரை சாயப்பட்டறைகளை மூட வேண்டும் என்று சென்னை உயர்நீதிமன்றம் 2011-இல் ஆணையிட்டது. சாயத்திற்காகவும் உப்பிற்காகவும் பிறந்த அம்முறையில் நீர் நுண்சவ்வுகளின் வழியே பிழியப்படுவதால், அந்தச் சவ்வை இழைகளும் கடக்க இயலாது. தொழிற்சாலைக்கு இத்தகைய கட்டுப்பாடு வந்தது. ஆனால் அங்கே தயாரான துணி நம் வீட்டிற்கு வந்து ஆண்டுக்கணக்கில் துவைக்கப்படும்போது வெளியேறும் நீருக்கு யார் பொறுப்பு? நம் ஊர்களில் பலவற்றில் பாதாளச் சாக்கடையே இல்லை. வீட்டு நீர் திறந்த கால்வாய் வழியாகக் குளத்திற்கோ ஆற்றிற்கோ கடலுக்கோ நேரே சென்றுவிடுகிறது. கிளாஸ்கோ நகருக்குக் கிடைத்த 98 விழுக்காட்டுப் பாதுகாப்புகூட அந்த ஊர்களுக்குக் கிடைப்பதில்லை.

தேற்றாங்கொட்டை கற்பிக்கும் பாடம்

நம் முன்னோர் கலங்கிய ஆற்று நீரைப் பானையில் ஊற்றுமுன் அதன் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையைத் தேய்த்துவைப்பார்கள். சற்று நேரத்தில் கலங்கல் திரண்டு அடியில் படியும். மேலே நீர் தெளிந்து நிற்கும். படிகாரம் கரைத்தாலும் இதுவே நிகழும். முருங்கை விதைக்கும் இந்த ஆற்றல் உண்டு. பிளாஸ்டிக் நுண்துகள்களை அகற்ற அது பயன்படுமா என்று பிரேசில் நாட்டு ஆய்வாளர்கள் சோதித்திருக்கிறார்கள். குடிநீர் நிலையங்களில் நடப்பதும் அடிப்படையில் இதுவே. படிகார வகை உப்பைக் கலந்து, துகள்களைத் திரளச் செய்து, படியவைத்து, மணல் படுகையில் வடிக்கிறார்கள். நுண்ணிழைகளில் பெரும்பகுதியும் இம்முறையில் நீங்குகிறது.

சீனாவின் குவாங்சோ நகர ஆய்வாளர்கள் 2024-இல் மற்றோர் எளிய செய்தியை வெளியிட்டார்கள். சுண்ணாம்புச் சத்து மிகுந்த கடின நீரைக் கொதிக்கவைத்தால், பாத்திரத்தில் வெண்படலமாகப் படியும் அந்தச் சுண்ணாம்பு, நீரிலுள்ள பிளாஸ்டிக் நுண்துகள்களையும் தன்னுள் பொதிந்துகொள்கிறது. ஆறவைத்து வடிகட்டினால் ஏறத்தாழ 90 விழுக்காடு வரை அவை நீங்கின. மென்னீரில் பலன் மிகக் குறைவே. உப்புத் தண்ணீர் ஊர்க்காரர்களுக்கு இது பயனுள்ள செய்தி. கொதித்த நீரை அப்படியே ஊற்றாமல், தெளியவைத்து வடிகட்டிக் குடிக்க வேண்டும் என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்.

ஒரு சிற்றூரின் முன்மாதிரி

பிறந்த இடத்திலேயே இழையைத் தடுத்தால் என்ன? கனடா நாட்டின் ஒன்டாரியோ மாநிலத்தில், ஜார்ஜியன் வளைகுடாவின் கரையில் பாரி சவுண்ட் என்றொரு சிற்றூர் இருக்கிறது. அங்கே டொரான்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்களும் உள்ளூர் நீர்வளத்தைக் காக்கும் ஓர் அமைப்பினரும் சேர்ந்து 97 வீடுகளின் சலவை இயந்திரங்களில் வெளிக்குழாய் வடிகட்டிகளைப் பொருத்தினார்கள். அந்த ஊரின் கழிவுநீர் நிலையத்தோடு இணைந்த வீடுகளில் இது ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே. அவ்வீட்டார் தங்கள் வடிகட்டியில் சேர்ந்த பஞ்சுக் கசடை எடுத்துச் சேகரித்துக் கொடுத்தார்கள்.

2021-இல் வெளியான முடிவு இது: நிலையத்திலிருந்து வெளியேறும் தூய்மைப்படுத்திய நீரில் நுண்ணிழைகள் சராசரியாக 41 விழுக்காடு குறைந்திருந்தன. ஒரே ஊரில் நடந்த ஆய்வு ஆதலால், எல்லா ஊரிலும் இதே அளவு பலன் கிட்டும் என்று சொல்ல இயலாது. ஆயினும் பத்தில் ஒரு குடும்பம் மனம் வைத்தாலே ஊரின் நீரில் மாற்றம் தெரியும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

அரசுகளும் இதைச் சிந்திக்காமல் இல்லை. 2025 ஜனவரி முதல் விற்கப்படும் புதிய சலவை இயந்திரங்களில் நுண்ணிழை வடிகட்டி இருக்க வேண்டும் என்று பிரான்ஸ் 2020-இல் சட்டத்தில் எழுதியது. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலச் சட்டமன்றமும் இத்தகைய மசோதாவை நிறைவேற்றியது. ஆனால் மக்களுக்குச் செலவு கூடும் என்று கூறி 2023 அக்டோபரில் ஆளுநர் அதை நிராகரித்துவிட்டார். சட்டம் நம் வாசலுக்கு வந்து சேரும்வரை காத்திருந்தால் காலம் கடந்துவிடும்.

இது நஜீஸ் அன்று, ஆனால் தீங்கு

தஹாரத் பாடம் நடத்தும்போது மாணவர்கள் கேட்கக்கூடிய கேள்வி ஒன்றுக்கு இங்கே விளக்கம் அவசியம். நுண்ணிழை கலந்த நீரில் உளூ கூடுமா? ஐயமின்றிக் கூடும். துணியின் இழை நஜீஸ் அன்று. சுத்தமான ஒரு பொருள் சிறிதளவு விழுந்து, தண்ணீர் என்ற பெயரையும் தன்மையையும் மாற்றாதிருக்கும்வரை அந்நீரின் தூய்மை கெடுவதில்லை. இதைக் காட்டி யாரும் மனச் சஞ்சலத்திற்கு ஆளாக வேண்டாம்.

ஆனால் ஒரு பொருள் நஜீஸ் இல்லை என்பதாலேயே அதைப் பிறர் நீரில் விடலாம் என்று ஆகிவிடாது. தேங்கி நிற்கும் நீரில் சிறுநீர் கழிப்பதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். ஓடும் ஆற்றங்கரையில் உளூச் செய்தாலும் நீரை வீணாக்கலாகாது என்று போதித்தார்கள். பாதையில் நடப்போருக்கு இடர் தரும் பொருளை அகற்றுவதை ஈமானின் கிளைகளுள் ஒன்றாக எண்ணினார்கள். பாதையில் கிடக்கும் முள்ளை நாம் போட்டிருக்கமாட்டோம். எனினும் அகற்றுவது நம் நன்மை. அப்படியிருக்க, நம் வீட்டிலிருந்தே புறப்பட்டு நீரின் பாதையில் செல்லும் இழையைத் தடுப்பது எத்துணைக் கடமை! அந்நீரை நம்பி மீனும் பறவையும் வாழ்கின்றன. கீழ்த்திசை ஊரின் குழந்தைகளும் வாழ்கிறார்கள். நீர் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் அல்லவா?

நம் வீட்டில் என்ன செய்யலாம்?

முதலாவது, தேவையின்றித் துவைப்பதைக் குறைத்துக்கொள்ளலாம். வியர்வை நஜீஸ் அன்று. சற்று நேரம் உடுத்திய புர்காவையும் மேலாடையையும் நிழலில் காற்றாட உலர்த்தி மறுமுறை உடுத்தலாம். நஜீஸ் பட்ட துணியைக் கட்டாயம் கழுவத்தான் வேண்டும். மார்க்கம் கேட்கும் தூய்மை வேறு, பழக்கத்தால் வந்த மிகைச் சலவை வேறு.

இரண்டாவது, இயந்திரம் வைத்திருப்போர் அது கொள்ளும் அளவிற்குத் துணி சேர்ந்தபின் துவைக்கலாம். துணி குறைந்து நீர் மிகுந்தால் இழை அதிகம் உதிர்கிறது என்று இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழக ஆய்வு 2019-இல் காட்டியது. குளிர்ந்த நீரில் குறைந்த நேரம் துவைத்தால் உதிர்வு சுமார் 30 விழுக்காடு குறைகிறது என்று 2020-இல் வெளியான மற்றோர் ஆய்வு தெரிவிக்கிறது. மின்செலவும் மிச்சமாகும்.

மூன்றாவது, வெளியேறும் நீரை வடிகட்டலாம். அடியில் துளையிட்ட பழைய வாளி ஒன்றில் நெருக்கமாக நெய்த பருத்தித் துணியை விரித்து, துவைத்த நீரை அதன் வழியே விடுங்கள். இயந்திரக் குழாயின் வாயில் துணியை இறுகக் கட்டிவிடாதீர்கள். நீர் தடைப்பட்டு இயந்திரம் பழுதாகும். கல்லில் துவைப்போரும் அலசிய நீரை இவ்வாறே வடிக்கலாம். எல்லா இழையையும் இது பிடித்துவிடாது. ஆனால் கணிசமான பஞ்சு தங்குவதை நீங்களே கண்ணால் காண்பீர்கள்.

நான்காவதே மிக முக்கியமானது. வடித்துணியில் தங்கிய பஞ்சைக் குழாயடியில் கழுவிவிட்டால் செய்த வேலை அனைத்தும் வீணாகிவிடும். இயந்திரத்தினுள் உள்ள சிறு வலைப்பைக்கும் இதுவே விதி. துணியை உலரவைத்து, பஞ்சை உதறாமல் சுரண்டியெடுத்து, ஒரு தாளில் மடித்துக் குப்பைத் தொட்டியில் போடுங்கள். எரிக்க வேண்டாம். அதில் இருப்பது பிளாஸ்டிக் என்பதை மறவாதீர்கள்.

ஐந்தாவது, வாங்குவதில் நிதானம் வேண்டும். புதுத் துணிதான் முதல் சில சலவைகளில் மிகுதியாக இழை உதிர்க்கிறது. பெருநாளுக்கு ஒருவருக்கு மூன்று உடை என்று மலிவு கண்டு வாங்கி, அடுத்த பெருநாளுக்குள் கந்தலாக்குவதைவிட, உறுதியான ஒன்றை வாங்கி நெடுநாள் உடுத்துவது பணத்திற்கும் நல்லது, நீருக்கும் நல்லது. வீண்விரயத்தைத் தடுத்த மார்க்கத்தைப் பின்பற்றும் நமக்கு இது புதிய உபதேசமும் அன்று.

வாசகச் சகோதர சகோதரிகளே! இழை ஊரின் நீரோடு கலந்தபின் அதைப் பிடிக்கக் கோடிக்கணக்கில் செலவிட்டு நிலையம் அமைக்க வேண்டும். அப்போதும் அது கசடாக எங்கோ எஞ்சும். நம் கொல்லையிலேயே பிடித்தால் ஒரு பழைய வாளியும் ஒரு முழத் துணியும் போதும். பாரி சவுண்ட் என்ற சிற்றூரில் பத்தில் ஒரு வீடு செய்ததை, நம் மஹல்லாவில் பத்தில் ஒரு வீடு செய்யட்டும். வருகிற சலவை நாளிலேயே தொடங்குங்கள். வடித்துணியில் படியும் அந்தச் சாம்பல் நிறப் பஞ்சை உங்கள் பிள்ளைகளுக்கு எடுத்துக் காட்டுங்கள். தூய்மை என்பது நம் துணியோடு முடிந்துவிடுவதில்லை, அதைத் துவைத்த நீரும் அதில் சேர்ந்ததே என்பதை அவர்கள் சிறு வயதிலேயே அறிந்துகொள்ளட்டும்.

நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட நீரைக் காக்கும் நல்லுணர்வை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.